ஏழடி நாலங்குலப் பந்தல்

ஜனவரி 19

இன்று முதல் நான் விவசாயி. காலையில் கண்ணாடி முன்னால் நின்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் இருந்தவள் நம்பினதாகத் தெரியவில்லை.

அப்பா விட்டுப்போன அறுபது சென்ட். ஒரு கிணறு. மனசு வைத்தால் ஓடும் ஒரு மோட்டார். பாதி எனக்கு, பாதி தம்பி ஆசீருக்கு, இன்னும் பிரிக்கவில்லை. ஆசீர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஹாலோ பிளாக் கல் அடிக்கிற ஒருவர் இந்த நிலத்தைக் கேட்டு அவனை நச்சரிக்கிறார். நான் விவசாயம் பார்க்கப் போகிறேன் என்று போனில் அவனிடம் சொன்னேன்.

“எக்கா, நீ ஸ்கூல்ல விசில் ஊதுனவ. ஒனக்கு மம்பட்டி பிடிக்கத் தெரியுமா? சரி, ஓணம் வரைக்கும் பாரு. ஓணத்துக்கு ஒரு லோடு ஏத்திட்டியன்னா நெலம் ஒங்கிட்டயே இருக்கட்டும். இல்லாட்டா அந்த அண்ணாச்சிக்குக் குடுத்திருவோம். பொறவு அழக்கூடாது.”

எங்கள் பக்கத்துக் காய்கறி எல்லாம் மலை தாண்டிக் கேரளாவுக்குத்தான் போகிறது. ஓணத்துக்கு லோடு ஏற்ற முடியாதவனை இங்கே யாரும் விவசாயி என்று சொல்ல மாட்டார்கள். அதனால் ஆசீர் கேட்டது நியாயம்தான். “சரி” என்று சொல்லிவிட்டேன்.

பத்தொன்பது வருடம் பி.டி. டீச்சராக இருந்தாயிற்று. போன வருடம் பள்ளிக்கூடத்தில் ‘ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் சாராள் டீச்சர்’ என்று மாலை போட்டு அனுப்பினார்கள். ஓய்வெடுத்துப் பார்த்தேன். அதைப் போல அலுப்பான வேலை கிடையாது.

பிப்ரவரி 6

சீமைக்கருவேலை வெட்டி முடிந்தது. கை முழுக்க முள். வலது தோள் லேசாக இழுக்கிறது. பனிக்காலம், அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 3

புடலை போடுவது என்று முடிவு. புடலைக்குப் பந்தல் வேண்டும். பந்தலுக்குக் கல்லுக்கால் நட வேண்டும். கல்லுக்கால் நட ஒரு கொத்தனார் வந்தார். நான் அளவு நாடாவைப் பிடித்து, முதல் காலில் சாக்பீஸால் கோடு போட்டேன். ஏழடி நாலங்குலம். ஏன் அந்த அளவு என்று கேட்டால் தெரியாது, கை தானாக அங்கே போய் நின்றது.

“டீச்சர், இம்புட்டு ஒசரமாவா? எல்லா எடத்துலயும் அஞ்சரை, மிஞ்சிப்போனா ஆறடிதான் போடுதோம்.”

“குறிச்சாச்சு கொத்தனாரே. எல்லாக் காலும் இதே மட்டத்துல நிக்கணும். ஒரு விரக்கடை கூடக் குறையப்படாது.”

மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு வேலையை ஆரம்பித்தார். எதிர்த்துப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். எதிர்த்துப் பேசிவிட்டு வேலையைச் செய்கிறவர்களை ரொம்பப் பிடிக்கும்.

மார்ச் 8

கால்கள் எல்லாம் நட்டு, அடியில் கான்கிரீட்டும் போட்டாயிற்று. ஒரு ஓரத்தில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். அசெம்பிளிக்கு நிற்கிற பிள்ளைகள் கூட இவ்வளவு நேராக நின்றதில்லை.

ஏப்ரல் 11

கம்பி கட்டுகிற வேலை. குறுக்கும் நெடுக்கும் இழுத்து, நான்கு மூலையிலும் இழுவைக் கம்பி கொடுத்து, ஸ்டூல் மேல் ஏறி நின்று, தட்டினால் ‘டங்’ என்று சத்தம் வரும்வரை முறுக்கினேன். இதில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் சந்தனமாரி வந்தாள். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் காய் பறிக்கிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. உயரம் என் நெஞ்சு மட்டம். வாய் மட்டும் நல்ல நீளம். பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். கையை உயர்த்தினாள், எட்டவில்லை. எம்பினாள், அப்போதும் எட்டவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

“ஏ டீச்சரே, இது என்ன கூத்து? ஒட்டகத்துக்கா பந்தல் போட்டிருக்கிய? நாங்க எப்பிடிக் காய் பறிக்கது?”

“காத்தோட்டமா இருக்கும், நோய் வராதுன்னுதான் ஒசரமாப் போட்டேன்” என்றேன். அது உண்மையாகவும் இருக்கலாம்.

“காத்தா பறிச்சுப் போடும்?”

நான் ஐந்தடி பதினோரு அங்குலம். ஊரில் இருக்கிற மற்றப் பெண்கள் அவ்வளவு உயரம் இல்லை. இந்த விஷயம் கான்கிரீட் காய்வதற்கு முன்னால் என் மண்டைக்கு எட்டியிருக்கலாம். ஆசீரிடம் சொல்லவில்லை.

ஜூன் 9

விதை ஊன்றியாயிற்று. விதைக் கடையில் வரிசையாகப் பாக்கெட்டுகள் தொங்கின. ஒன்றின் படத்தில் ஒரு பெண் தன் தலைக்கு மேல் பிடித்திருக்கும் புடலங்காய் அவள் முழங்கால் வரை தொங்கியது. அதைத்தான் வாங்கினேன். கடைக்காரர், “இப்பம் எல்லாரும் குட்டைப் புடலைதான் போடுதாவ டீச்சர். நீளப் புடலை பந்தல்ல இருந்து தரையில முட்டிக் கோணிப்போவும்” என்றார்.

என் பந்தலில் முட்டாது என்றேன். கடையில் இருந்த நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சந்தனமாரி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டிருக்கிறாள்.

ஜூன் 17

முளைத்துவிட்டது. குழி குழியாக உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு வந்தேன். வயசு நாற்பத்தாறு. அட்டென்டன்ஸ் எடுக்கிற பழக்கம் போகவில்லை.

ஜூலை 14

பெரிய பயம். பூத்த பூவெல்லாம் காலையில் கீழே கிடக்கிறது. ஒன்றிலும் பிஞ்சு இல்லை. நோய் வந்துவிட்டது என்று ஒரு கை பூவை அள்ளிக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினேன். வழியில் சந்தனமாரி பிடித்துக்கொண்டாள்.

“மருந்தும் வேண்டாம் மண்ணும் வேண்டாம். இதெல்லாம் ஆம்பளப் பூ டீச்சர். முதல்ல அதுதான் வரும். வந்து, சும்மா நின்னு, உதுந்து போவும். பொம்பளப் பூ பொறவு வரும், அதுதான் காய்க்கும்.”

கூட நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விதை, பந்தல், பூ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் இந்த ஊரைச் சிரிக்க வைத்துவிட்டேன். உரம் ஒன்றுதான் பாக்கி.

ஜூலை 19

பொம்பளப் பூ வந்துவிட்டது. அந்தி சாய்கிற நேரத்தில் விரிகிறது. வெள்ளை இதழ், விளிம்பெல்லாம் நூல் பிரிந்த கைக்குட்டை மாதிரி. பந்தல் முழுக்க ஒரே நேரத்தில் விரிந்தபோது நான் குழாயைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். கிணற்றுத் தண்ணீர் பாதி என் காலில்தான் போயிற்று. என்னுடையது என்று சொல்ல இவ்வளவு அழகாக ஒன்று எனக்கு இதற்கு முன்னால் இருந்ததில்லை.

ஜூலை 30

ஆடிக் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து தோட்டத்தைப் பிய்க்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பந்தல் சாய்ந்துவிட்டது. என் பந்தல் ஆடியது, சாயவில்லை. இழுவைக் கம்பி கட்டத் தெரிந்தவள் கட்டினது.

புடலம்பிஞ்சு சுருளாமல் நேராக இறங்க, நுனியில் சின்னக் கல்லைச் சரடில் கட்டித் தொங்கவிட வேண்டும். காற்றில் எல்லாக் கல்லும் ஊஞ்சலாடுகின்றன. நெற்றியில் இரண்டு இடத்தில் வீங்கியிருக்கிறது. சந்தனமாரிக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது, கல்லுக்குக் கீழே நடந்து போய்விடுவாள்.

ஆகஸ்ட் 4

பத்துப் பிஞ்சுக்குக் கல் கட்டினேன். மீதி நாளைக்கு.

ஆகஸ்ட் 5

மீதி நாளைக்கு.

ஆகஸ்ட் 7

இன்று இடது கையால் சாப்பிட்டுப் பார்த்தேன். மூளைக்கு நல்லது என்று எங்கோ படித்த ஞாபகம். சந்தனமாரி, “கையில என்ன?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்ல” என்றேன். அவள் கூட வந்த பெண்களை ஸ்டூல் போட்டு ஏறச் சொல்லி, மீதிக் கல்லைக் கட்டிக்கொடுத்தாள். சிரிக்காமல் செய்தாள். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆகஸ்ட் 18

சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் மைதீன்பிச்சை பாய் இன்று தோட்டத்துக்கே வந்துவிட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். பந்தலுக்குள் நுழைந்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். காய்கள் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. ஆள் உயரம். ஒன்று கூடக் கோணல் இல்லை.

“டீச்சரம்மா, மலையாளத்துக்காரன் வருசா வருசம் நீளப் புடலை கேப்பான். ஓணத்துக்கு அவனுக்கு இதான் வேணும். நாங்க இல்ல இல்லன்னு குட்டையத்தான் தலையில கட்டுவோம். ஒரு லோடு எனக்கே குடுங்க. ஒண்ணாந்தேதி விடியக்காலம் வண்டி அனுப்புதேன். ஆனா ஒண்ணு, காம்போட வெட்டணும். காய் ஒடஞ்சிருந்தா, கீறி இருந்தா, அவன் எடுக்க மாட்டான்.”

அவர் போன பிறகு நான் வரப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அண்ணாந்து பார்த்தேன். காய்தான் கீழே வந்திருக்கிறது. காம்பு மேலே, ஏழடி நாலங்குலத்தில் இருக்கிறது.

ஆகஸ்ட் 21

முதல் பறிப்பு. அதை எழுதாமல் விடத்தான் நினைத்தேன்.

சந்தனமாரியின் ஆட்கள் ஸ்டூல் கொண்டுவந்தார்கள். ராத்திரி தூறல் போட்டிருந்ததால் தோட்டம் சேறு. ஸ்டூல் கால் புதைகிறது, ஏறினால் சாய்கிறது. கொக்கிக் கம்பால் அறுத்துப் பார்த்தோம். காய் கீழே விழுந்து முறிகிறது, கொடியும் கிழிகிறது. மூன்றாவது வரிசையில் சந்தனமாரி ஸ்டூலோடு விழுந்தாள். கணுக்கால் உடனே வீங்கிவிட்டது. என் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எலும்பு முறிவு இல்லை, சுளுக்குதான். கட்டுப்போட்டு அனுப்பினார்கள்.

“நான் ஒங்க மேல கோவப்படல டீச்சர்” என்றாள் வழியில். “ஆனா எம் பொம்பளையள இனி ஒங்க பந்தலுக்கு அனுப்ப மாட்டேன். ஒருத்தி விழுந்து இடுப்பு போச்சுன்னா அவ வீட்டுல யாரு பொங்குவா?”

அவள் சொன்னது சரி. சரியாகச் சொன்னதுதான் வலித்தது.

ஆகஸ்ட் 23

நானே பறித்தேன். கொஞ்சம்.

ஆகஸ்ட் 24

பறிக்கவில்லை.

ஆகஸ்ட் 25

காய்கள் முற்ற ஆரம்பித்துவிட்டன. இன்னும் ஒரு வாரம் போனால் விதைக்குத்தான் ஆகும். ஆசீர் போன் பண்ணினான். ஒண்ணாந்தேதி காலையில் ஹாலோ பிளாக்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறானாம், சும்மா பார்ப்பதற்காம். “லோடு ரெடியாக்கா?” என்றான். “ரெடி” என்றேன். மைதீன் பாயிடம் வண்டி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று சாயங்காலம் இரண்டு முறை போனை எடுத்தேன். இரண்டு முறையும் வைத்துவிட்டேன். பயமாக இருக்கிறது. இந்த நிலம் போனால் நாளைக் காலையில் எழுந்து எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 26

காலையில் தோட்டத்து வாசலில் ஒரு போலீஸ் நின்றது. பெண் போலீஸ். என்னைப் போலவே நெட்டை. தொப்பியைக் கழற்றினதும்தான் தெரிந்தது, ஹெப்சிபா. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் என் வாலிபால் டீமின் கேப்டன். மாநிலப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை போன டீம் அது. அந்தச் சான்றிதழில்தான் அவளுக்குப் போலீஸ் வேலை கிடைத்தது. இப்போது சுரண்டை ஸ்டேஷனில் ஏட்டு.

“எப்பிடிட்டி எடத்தக் கண்டுபிடிச்ச?”

“பஸ்ஸுல ஒரு அக்கா, காலுல கட்டோட, சொல்லிச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு வந்தாவ டீச்சர். யாரோ ஒரு டீச்சர் ஒட்டகத்துக்குப் பந்தல் போட்டிருக்காவளாம். எதுத்துக் கேட்டா முறைப்பாவளாம். எனக்கு அந்த எடத்துலயே தெரிஞ்சு போச்சு.”

பேசிக்கொண்டே பந்தலுக்குள் போனாள். அண்ணாந்து பார்த்தாள். திடீரென்று பூட்ஸ் காலோடு ஒரு குதி குதித்து, உள்ளங்கையால் கம்பியைத் தட்டிவிட்டு இறங்கினாள். ‘டங்’ என்றது.

“டீச்சர், இது நம்ம நெட்டு ஒசரம்லா. லேடீஸ் வாலிபால் நெட்டு.”

நான் மோட்டாரை அணைத்துவிட்டு வருகிறேன் என்று போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

திரும்பி வந்தபோது அவள் அதே இடத்தில் நின்றாள். “காய் இப்பிடித் தொங்குது, நீங்க எட்டிப் பறிக்காம ஏன் நிக்கிய? கையத் தூக்குங்க பாப்போம்” என்றாள். போலீஸ்காரி சொன்னால் கேட்கத்தான் வேண்டும். தூக்கினேன். வலது கை தோள் மட்டம் வரைதான் வந்தது. போன வருடம் தோளில் ஆப்பரேஷன் பண்ணினதிலிருந்து அதற்கு மேல் போகாது. பள்ளிக்கூடத்தில் என்னை ஓய்வெடுக்கச் சொன்னதும் அதனால்தான்.

“எங்கள்ட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா டீச்சர்?”

“ஆளுக்கு ஒரு குடும்பம், ஒரு வேலைன்னு இருக்கிய. ஒங்களப் போயி புடலங்கா பறிக்கக் கூப்பிடச் சொல்லுதியா?”

“ஆமா” என்றாள். “கூப்பிடச் சொல்லுதேன்.”

ஆகஸ்ட் 28

ஹெப்சிபாவோடு சேர்த்துப் பழைய டீமில் ஏழு பேர் வந்திருக்கிறார்கள். விடிவதற்குள் வந்து, எட்டு மணிக்குள் முடித்து, அவரவர் வேலைக்குப் போகிறார்கள். ஒருத்தி நர்ஸ், ஒருத்தி ரேஷன் கடை, ஒருத்தி பஸ் கண்டக்டர். பர்வீன் கடையநல்லூரிலிருந்து மாமியாரையும் கூட்டி வந்துவிட்டாள். டீச்சர் தோட்டம் என்றால் நானும் பார்க்க வேண்டும் என்று அந்தம்மா ஒரே பிடிவாதமாம். எல்லாருக்கும் உடம்பு கொஞ்சம் வைத்திருக்கிறது. உயரம் மட்டும் குறையவில்லை. குதிக்க வேண்டிய அவசியம் கூட இல்லை, கையை நீட்டினால் காம்பு. இடது கையில் காயைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் கத்தரிக்கோலை வைத்து ஒரு வெட்டு. ஒரு காய் கீழே விழவில்லை.

நானும் ஒரு கத்தரிக்கோலை எடுத்தேன். ஹெப்சிபா அதை வாங்கிக்கொண்டாள்.

“கோட்டுக்கு வெளிய நில்லுங்க டீச்சர். அங்க இருந்து சொல்லுங்க.”

சொன்னேன். பத்து நிமிஷத்தில் என் பழைய குரல் வந்துவிட்டது. “பர்வீன், ரெண்டாவது வரிசையில ஒண்ண விட்டுட்ட. ஏட்டி, பேச்சக் குறைச்சுக் காலை நகத்து.” வரிசை முடிந்ததும் இடம் மாறச் சொல்ல வாயைத் திறக்கிறேன், அதற்குள் அவர்களே மாறிக்கொண்டார்கள். வாலிபால் கோர்ட்டில் மாறுகிற மாதிரி, ஒவ்வொருத்தியும் ஒரு இடம் தள்ளி, வலஞ்சுழியாக, யாரும் யார் மேலும் இடிக்காமல். சொல்லிக்கொடுத்தது எதுவும் அவர்களை விட்டுப் போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 30

சந்தனமாரி ஆட்டோவில் வந்து இறங்கினாள். கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு வைக்கோல் மேல் உட்கார்ந்தாள். “பறிச்சா மட்டும் போதுமா? இத யாரு கெட்டுவா? நீங்க கெட்டுனா புளியரை செக்போஸ்ட் தாண்டுறதுக்குள்ள பாதி ஒடஞ்சிரும்” என்றாள். அவள் ஆட்களும் பின்னாலேயே வந்தார்கள். நெட்டைகள் பறிக்க, குட்டைகள் கட்ட, இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் கேலி பண்ணிக்கொண்டே வேலை நடந்தது. வைக்கோல் வைத்து, வாழை நாரால் சுற்றி, காய் அசையாமல் கட்டுவது எப்படி என்று பார்த்துக்கொண்டேன்.

சந்தனமாரிக்கும் ஹெப்சிபாவுக்கும் ஒத்துப்போய்விட்டது. இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

செப்டம்பர் 1

வண்டி விடியும்போது வந்தது, கூடவே மைதீன் பாயும். ஆசீரும் ஹாலோ பிளாக் அண்ணாச்சியும் அதற்குப் பின்னாலேயே காரில் வந்தார்கள். நான் வாசலுக்குப் போகவில்லை. கடைசி நான்கு வரிசை பாக்கி இருந்தது, நின்று பேச நேரம் இல்லை.

ஆசீர் பந்தலுக்குள் வந்து நின்றான். சின்ன வயதிலிருந்தே என் தோளுக்குக் கீழேதான் அவன். ஏழு நெட்டைப் பெண்கள் அவனைத் தாண்டித் தாண்டிக் காயை வெட்டிக்கொண்டு போனார்கள். அவன் முகத்துக்கு நேராக ஒரு காய் தொங்கியது. அதைத் தொட்டுப் பார்த்தான். மேலேயிருந்து கீழே வரை ஒரு தரம் தடவிப் பார்த்தான்.

“இவ்வளவும் நீ போட்டதாக்கா?”

“பொறவு பேசுவோம். அந்தக் கட்டத் தூக்கி வண்டியில வை. ஷூவக் கழத்து, தண்ணிக் குழாய மிதிக்காத.”

கழற்றினான். தூக்கினான். அண்ணாச்சி சும்மா நிற்பதைப் பார்த்துச் சந்தனமாரி, “நீங்க என்ன மாப்பிள்ளையா? ஒரு கட்டப் பிடிங்க” என்றாள். அவரும் பிடித்தார். நிலம் வாங்க வெள்ளைச் சட்டையில் வந்தவர், தோளெல்லாம் வைக்கோலோடு வண்டிக்கும் பந்தலுக்குமாக நடந்தார்.

மைதீன் பாய் ஒவ்வொரு கட்டையும் தட்டிப் பார்த்தார். ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. வண்டி நிறைந்து, தார்ப்பாய் போட்டு, கயிறு இழுத்துக் கட்டினோம். கயிற்றை நான்தான் முறுக்கினேன், இடது கையால். வண்டி மேட்டில் ஏறி மேற்கே திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்கப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

அண்ணாச்சி சட்டையை உதறிவிட்டு ஆசீரிடம் வந்தார். “தம்பி, அப்பம் எடத்து விஷயம்…” என்று இழுத்தார்.

ஆசீர் எங்கள் வீட்டில் எப்போதும் மெதுவாகப் பேசுகிறவன். எதையும் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொல்வான். இன்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னான்.

“குடுக்கதா இல்ல அண்ணாச்சி. இது எங்கக்கா தோட்டம்.”

சந்தனமாரி கை தட்டினாள். என் பிள்ளைகள் ஓடி வந்து என்னைச் சுற்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், சேறும் வைக்கோலும் வேர்வையுமாக. இந்த முறை தூசி என்று சொல்லவில்லை. நன்றாக அழுதேன்.

எட்டரைக்கு எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஆசீர் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருக்கிறான். அடுத்த பறிப்பு எந்தக் கிழமை என்று அவன் கேட்டுவிட்டான். வரப்பில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இதே பிள்ளைகள் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் இதே மாதிரி என்னைச் சுற்றி நின்று கட்டிப்பிடித்தார்கள். அன்றும் எல்லாரும் அழுதோம். இறுதி ஆட்டத்தில் தோற்றுவிட்டு வந்திருந்தோம்.

இன்று ஜெயித்துவிட்டோம்.